லஸ்கருக்குக் காதல் எதற்கு? சித்திரத் தொடர் எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உடுமலைப் பக்கம் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் ராத்திரி ரோந்து போய்த் தண்ணீர்த் திருட்டைப் பிடிக்கும் லஸ்கர் ஒருவன். நானும் ஓவிய நண்பரும் மாதம் 8 பக்கமாகச் செய்த சித்திரத் தொடரின் நாயகன் அவன்தான். மூன்றாம் மாதமே கதை தொய்ந்தது. அவசரமாக ஒரு பெண்ணைக் கொண்டுவந்தோம். இன்னும் தொய்ந்தது.

கதை நகராத இடத்தில் காதலை முட்டுக்கொடுப்பதுதான் முதல் தவறு. எங்கள் அம்மணி தூக்குப்போசியில் சோறு கொண்டுவருவாள், சிரிப்பாள், போவாள். 8 பக்கத்தில் 2 அவளுக்கே போயிற்று. அந்த ரெண்டையும் கிழித்துப்போட்டுப் படித்துப் பார்த்தோம், ஒன்றும் குறையவில்லை.

பி.ஏ.பி.யில் பாசன நிலத்தை 4 மண்டலமாகப் பிரித்து, முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். வரும் முறையிலும் மேலே ஒருவர் குழாய் போட்டு உறிஞ்சினால் கடைமடைத் தென்னை காயும். அந்தக் குழாய்க்காரரின் மகளாக அவளை மாற்றினோம். இப்போது டார்ச் அடித்துப் பார்க்கிறவனுக்குக் குழாய் எந்தத் தோட்டத்துக்குப் போகிறது என்பது தெரியும். அறிக்கை எழுதுவானா, டார்ச்சை அணைத்துவிட்டு நடப்பானா? ‘தொடரும்’ போட இடம் தேடவேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று.

அடுத்த தவறு பேச்சு பலூனில். தோட்டத்துப் பையனை சினிமா வசனம் பேசவைக்கிறோம். கொங்குப் பக்கத்தில் காதலைச் சொல்ல அத்தனை வார்த்தை தேவையில்லை. ‘எங்கீங்க போறீங்க?’ என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தவன், ஒருநாள் ‘எங்க போற, அம்மணி?’ என்கிறான். ‘ஏனுங்க’ என்று கூப்பிட்டவள், ‘ஏனுங் மாமா’ என்கிறாள். ரெண்டே கட்டம். நண்பர் முதலில் இதற்கு முழுப் பக்கம் ஒதுக்கிப் பூவெல்லாம் வரைந்திருந்தார். அழிக்கச் சொல்வதற்குள் எனக்குத் தொண்டைத்தண்ணி வற்றிவிட்டது.

ஊரை மறப்பதும் தவறுதான். வாய்க்கால் மேட்டில் ரெண்டு பேர் நின்று பேசினால் மறுநாள் காலை பால் சொசைட்டியில் சேதி இருக்கும். ரகசியக் காதல் என்று 6 மாதம் ஓட்டினால் எந்த வாசகரும் நம்பமாட்டார்.

மாதத் தொடரில் இன்னொரு சிக்கல், மறதி. போன இதழில் கோபித்துக்கொண்டு போனதை ‘சென்ற இதழில்’ என்று பெட்டி போட்டு விளக்குவதைவிட, திறக்காத தூக்குப்போசியை முதல் கட்டத்தில் வரைந்துவிடலாம்.

இழுத்தடிப்பது தவறா என்றால், எல்லா நேரமும் இல்லை. ‘ஃபேண்டம்’ காமிக்ஸின் முகமூடி வேதாளரும் அவர் காதலி டயானாவும் 1936-ல் வந்த முதல் கதையிலேயே சந்தித்தார்கள், கல்யாணம் 1977-ல். 41 வருசம்! டயானாவுக்கு ஐ.நா. வேலை, தனிப் பயணங்கள் என்று சொந்தப் பிழைப்பு இருந்தது. அதனால்தான் அந்த இழுவை தாங்கிற்று என்பது என் கணிப்பு. காத்திருப்பதே வேலையாக இருக்கும் பெண்ணை வைத்து 4 மாதம் இழுக்க முடியாது.

ஆணும் பெண்ணும் சேர்ந்து வந்தாலே ஜோடி போட்டுவிடுவது கடைசித் தவறு. 1963-ல் தொடங்கி 2001 வரை செய்தித்தாளில் வந்த ‘மாடஸ்டி பிளைஸ்’ சாகசத் தொடரில் நாயகி மாடஸ்டியும் அவள் கூட்டாளி கார்வினும் ஒருவருக்காக ஒருவர் உயிரையும் கொடுப்பார்கள். காதலர்களாக ஆனதே இல்லை. ‘இளவரசி’ என்று அவன் கூப்பிடுவதில் இருக்கும் நெருக்கம் போதுமானதாக இருந்தது.

எங்கள் லஸ்கர் ஒன்பதாம் மாதம் அறிக்கை எழுதினான். அடுத்த இதழில் வாய்க்கால் மேட்டில் எதிரே வந்தவள் ஒரு கட்டம் மட்டும் நின்றாள். கையில் தூக்குப்போசி இல்லை.

‘ஏனுங் சார், தண்ணி எப்பங்க வரும்?’