ஊசி போட்ட மணிக்கட்டு ஏன் மறுபடி நோகிறது?

பெருவிரல் பக்கமாக மணிக்கட்டு நோகும் 'டி குவர்வேன்' நோவுக்கு ஊசி போட்டுச் சுகமானவர்களில் சிலர், கொஞ்ச மாதத்தில் திரும்பவும் கிளினிக் வரிசையில் இருப்பார்கள். ஊசி சரியில்லை என்று சொல்வது லேசு. பெருவிரலை விரிக்கும் இரண்டு தசைநாண்கள் ஓர் ஒடுங்கிய உறைக்குள்ளால் போகின்றன. உறை தடித்தால் உரசும், நோகும். ஸ்டெரொயிட் ஊசி அந்த நோவை அடக்கும். உறையைத் தடிக்கவைத்த வேலையை அது மாற்றாது.

நோ போன கையோடு துருவலையில் ஏறி இருப்பதுதான் பெரிய பிழை. பாதித் தேங்காயைப் பிடித்துத் துருவும் கையைக் கவனியுங்கள். பெருவிரல் விரிந்திருக்கும், மணிக்கட்டு அங்கும் இங்கும் சரிந்து திரும்பும். புட்டுக்கும் சம்பலுக்கும் சொதிக்கும் நாளுக்கு எத்தனை தரம்! இடியப்ப உரலை அழுத்துவதும், ஈரச் சாறத்தை முறுக்கிப் பிழிவதும் இதே கணக்குத்தான். சில கிழமைக்கு வேறு யாராவது துருவட்டும் (ஆண்கள் இருந்தாலும் துருவலை ஓடும்). பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.

கைக்குழந்தை உள்ள தாய்மாருக்குத் தூக்கும் விதம்தான் வில்லங்கம். இரண்டு கக்கத்திலும் பெருவிரலை விரித்துக் கொடுத்துத் தூக்காமல், உள்ளங்கை மேலே பார்க்க அடியில் கைகொடுத்து, முன்கையில் பாரத்தைத் தாங்குங்கள்.

பாமசியில் வாங்கும் மணிக்கட்டுப் பட்டி பலதும் பெருவிரலை விட்டுவிடும். இந்த நோவுக்குப் பெருவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டிதான் வேண்டும். அதற்காக மாதக்கணக்கில் கழற்றாமல் போட்டிருந்தால் கை விறைத்துப் பலம் குறையும். எப்போது கழற்றுவது, என்ன பயிற்சி செய்வது என்று பிசியோதெரபியில் கேளுங்கள்.

பெருவிரலை மடக்கிப் பொத்தி, மணிக்கட்டைச் சரித்து "இன்னும் நோகுதோ" என்று பார்ப்பது டொக்டர் செய்யும் சோதனை. அதை நாள் முழுக்கச் செய்தால் ஆறின இடமும் நோகும். சுளுக்கென்று எண்ணெய் போட்டு இறுக்கி உருவுவதும் அப்படித்தான்.

நீரிழிவு உள்ளவர்கள் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். சில நாளுக்குச் சீனி ஏறலாம்.

திரும்ப வந்தால், இன்னொரு ஊசிதான் வேண்டுமென்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். சிலருக்கு உறைக்குள் தடுப்பொன்று இருக்கும். மருந்து ஒரு பக்கம் மட்டும் போயிருக்கலாம். ஸ்கான் பார்த்து ஊசி போடுவதா, சின்னச் சத்திரசிகிச்சையால் உறையைத் திறந்துவிடுவதா என்று டொக்டரோடு பேசுங்கள். இரவில் விரல்கள் மரத்துப்போய் நித்திரையால் எழுப்பினால் அது வேறு வருத்தமாக இருக்கலாம், அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.