குறிஞ்சியையும் காந்தளையும் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எந்த இனத்துக்கு அழியும் ஆபத்து எவ்வளவு என்று வகைப்படுத்துவது பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் (ஐயுசிஎன்) சிவப்புப் பட்டியல். அதில் செங்காந்தள் 'தீவாய்ப்பு குறைந்த இனம்'. நீலக்குறிஞ்சி 2024-இல் 'அழிவாய்ப்பு இனம்' என்று அறிவிக்கப்பட்டது. இதை மட்டும் பார்த்துவிட்டுக் காந்தளுக்கு ஆபத்தில்லை என்று முடிவுகட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அந்த வகைப்பாடு உலகப் பரவல் முழுவதற்கும் உரியது. காந்தள் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பரந்து வளர்வதால், ஒரு மாவட்டத்துக் காடுகளில் அடியோடு அற்றுப்போனாலும் பட்டியலில் அதன் இடம் மாறாது.

தமிழ்நாட்டில்தான் காந்தளைக் கண்வலிக்கிழங்கு என்று வயலில் பயிரிடுகிறார்களே என்பதும் பதிலாகாது. வயலில் உள்ள கொடியைக் காட்டுக் கணக்கில் சேர்க்கக் கூடாது. விதையை மட்டும் பறித்தால் கிழங்கிலிருந்து அடுத்த மழைக்குக் கொடி துளிர்க்கும். நடவுக்கென்று காட்டில் கிழங்கைத் தோண்டினால் அந்தச் செடி அங்கே இல்லாமலே போகிறது. முளை இருப்பது கிழங்கின் நுனியில். தோண்டும்போது அது ஒடிந்தால் வயலிலும் முளைக்காது.

குறிஞ்சியில் தவறு வேறு மாதிரி நடக்கிறது. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூத்து, விதை விட்டதும் செடி காய்ந்துவிடும். சிவப்புப் பட்டியல் எண்ணுவது இனப்பெருக்கம் செய்யும் நிலையை எட்டிய செடிகளைத்தான். மூணாறு மலைகளில் 2018-இல் பூத்த இடத்தை அடுத்த ஆண்டு எண்ணினால் நாற்றுகள்தான் கிடைக்கும். அதை வைத்து இனம் சரிந்துவிட்டது என்பதும், பூத்த ஆண்டின் நீலத்தை வைத்துப் பெருகிவிட்டது என்பதும் ஒரே பிழைதான். குறிஞ்சிக்கான அளவுகோல் ஏ2சி: வாழிடம் சுருங்கியதை வைத்து, 10 ஆண்டு அல்லது மூன்று தலைமுறை, இவற்றில் எது நீளமோ அந்தக் காலத்தில் குறைந்தது 30% சரிவு. தலைமுறைக்கு 12 ஆண்டு என்று வைத்தாலே 36 ஆண்டு ஆகிறது. தேயிலை, சீகை (வாட்டில் மரம்), யூகலிப்டஸ், பைன் எல்லாம் குறிஞ்சி வளரும் புல்வெளியை விழுங்கிய கதை பத்தாண்டுக் கணக்கில் அகப்படாது.

மலையில் நீலமாகப் பூப்பதெல்லாம் நீலக்குறிஞ்சியும் அல்ல. அது சேர்ந்த ஸ்ட்ரோபிலாந்தஸ் பேரினத்தில் பல இனங்கள் உண்டு, பூக்கும் சுழற்சியும் வேறுபடும். நீலக்குறிஞ்சியின் அறிவியல் பெயரான 'ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா' என்று உறுதிசெய்த பிறகே பட்டியலைத் தேட வேண்டும்.

பட்டியலைச் சட்டமாகவும் எண்ண வேண்டாம். குறிஞ்சியைப் பறிக்கத் தடை வந்தது 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின், பின்னாளில் திருத்தப்பட்ட மூன்றாம் அட்டவணையால். காந்தள் மாநில மலர்தான். ஆனால் அந்தப் பெருமை எந்தக் கிழங்கையும் தோண்டாமல் தடுப்பதில்லை.