ரத்தப் பரிசோதனையில் 'லேசா கூட', 'லேசா கம்மி': எங்கே சறுக்குகிறார்கள்?

ரிப்போர்ட் வந்ததும் கண் போவது தடித்த எழுத்தில் அச்சான எண்ணுக்குத்தான். பக்கத்தில் இருக்கும் 'இயல்பு அளவு' எப்படி வந்தது தெரியுமா? நலமாக இருக்கும் பலரைச் சோதித்து, நடுவில் வரும் 95 சதவீதத்தினரின் அளவை எடுத்துக்கொள்கிறார்கள். மீதி 5 சதவீதம் பேரும் நலமானவர்களே. ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளை ஒரே நாளில் செய்தால், நோயே இல்லாதவருக்கும் ஏதோ ஒன்று எல்லை தாண்ட ஏறக்குறைய 64 சதவீத வாய்ப்பு உண்டு.

ஒரே ஒரு டி.எஸ்.எச். முடிவை வைத்து மாத்திரை தொடங்குவது

மற்ற தவறுகளைப் பொறுத்துக்கொள்ளலாம், இதை முடியாது. அசதி என்று டி.எஸ்.எச். (தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன்) சோதித்தால் 5.8; மேல் எல்லை 4.5. அன்றே தைராய்டு மாத்திரை. மூன்று மாதத்தில் 3.1. மாத்திரை வேலை செய்துவிட்டது என்று எல்லோருக்கும் நிம்மதி. மாத்திரை போடாமலே அது இறங்கியிருக்குமா என்று அதன்பிறகு யாரும் கேட்பதில்லை. மாத்திரை மட்டும் வருடக்கணக்கில் தொடர்கிறது. மாத்திரையின் அளவு மிஞ்சினால், வயதானவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பும் தேயும்.

டி.எஸ்.எச். இரவிலும் விடியற்காலையிலும் கூடும், பிற்பகலில் குறையும். கடும் நோயிலிருந்து தேறும்போது கொஞ்ச காலம் ஏறி நிற்கும். முடி வளரச் சாப்பிடும் பயோட்டின் என்ற வைட்டமின், சில சோதனை முறைகளில் அதைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும்; குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும்.

டி.எஸ்.எச். 10-க்குள் இருந்தால், 2 முதல் 3 மாதம் கழித்து, அதே ஆய்வகத்தில், அதே நேரத்தில், ஃப்ரீ டி4-உடன் (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) சேர்த்து மறுபடி பாருங்கள். கர்ப்பிணிகளும் கருத்தரிக்க முயல்பவர்களும் இப்படிக் காத்திருக்கக் கூடாது. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் தாமாக நிறுத்தவும் கூடாது.

தட்டணு (பிளேட்லெட்) 80,000 என்றதும் பதறுவது

ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் இ.டி.டி.ஏ., சிலரது தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். இயந்திரம் அந்தக் கொத்தைத் தட்டணுவாக எண்ணாது. ஸ்மியர் (ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் பார்ப்பது) பார்க்கச் சொல்லுங்கள். கொத்து தெரிந்தால் சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்து, வரும் எண்ணை 1.1-ஆல் பெருக்க வேண்டும். காய்ச்சலோ ரத்தக்கசிவோ இருந்தால் இந்தச் சமாதானம் செல்லாது.

பொட்டாசியம் 5.6

ரத்தம் எடுக்கும்போது கையை மூடி மூடித் திறந்தாலும், குழாயில் சிவப்பணு உடைந்தாலும் இந்த எண் பொய்யாக ஏறும். ஆனாலும் மறுசோதனை அன்றே வேண்டும். 6-ஐத் தாண்டினால் நேராக மருத்துவமனைக்குத்தான்.

ஜிம்முக்குப் போன மறுநாள் ரத்தம் கொடுப்பது

கல்லீரல் சோதனையில் பார்க்கும் ஏ.எஸ்.டி. என்ற நொதி தசையிலிருந்தும் வரும். ஒரு வாரம் பொறுங்கள்.

எல்லைக்குள் இருக்கிறதே என்று விடுவது

ஓர் ஆணுக்குப் போன வருடம் ஹீமோகுளோபின் 15.2, இந்த வருடம் 13.3. தடித்த எழுத்து எதுவும் இருக்காது, ஆனால் கிட்டத்தட்ட 2 கிராம் போயிருக்கிறது. எங்கே போனது என்று தேட வேண்டும்: ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), மலத்தில் ரத்தம். உடலில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயரும் என்பதால் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யும் சேர்த்துப் பாருங்கள். டாக்டரிடம் போகும்போது பழைய ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும்.