வாரண்டியில் கேம் கன்சோலைக் கொடுக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையடக்க கேம் கன்சோல் பழுதானால் முதலில் வருகிற கவலை செலவைப் பற்றித்தான். வாரண்டி முடியவில்லை என்று தெரிந்ததும் நிம்மதியாகிப் பெட்டியில் வைத்து அனுப்பிவிடுகிறோம். பெரிய இழப்பு அங்கேதான் நேர்கிறது. வாரண்டி கருவிக்குத்தான், அதற்குள் சேர்த்து வைத்த ஆட்டத்துக்கு இல்லை. சர்வீஸ் சென்டரில் உள்ளே இருக்கும் போர்டை மாற்றலாம், நினைவகத்தை அழிக்கலாம், உங்கள் கன்சோலுக்குப் பதில் வேறொன்றையே தரலாம். மாதக்கணக்கில் ஆடிய சேவ், அதாவது எதுவரை ஆடினோம் என்ற பதிவு, அதில் போய்விட்டால் திரும்பக் கேட்க வழி கிடையாது. அதனால் அனுப்புவதற்கு முன் செய்கிற வேலைகளில் இந்த சேவ் பதிவைப் பத்திரப்படுத்துவதுதான் எனக்கு முதல் வேலை.

நின்டெண்டோ ஸ்விட்ச் வைத்திருப்பவர்கள் பலர், மெமரி கார்டைக் கழற்றி வைத்துக்கொண்டால் போதும் என்று நம்புகிறார்கள். அந்தக் கார்டில் இருப்பவை டவுன்லோடு செய்த கேம்களும் ஸ்கிரீன்ஷாட், வீடியோக்களும் மட்டுமே. சேவ் முழுவதும் கன்சோலின் உள் நினைவகத்தில் இருக்கிறது. நின்டெண்டோவின் பழைய டிஎஸ் கன்சோலில் பெரும்பாலும் கேம் கார்டிலேயே சேவ் இருக்கும்; ஸ்விட்ச் கேம் கார்டில் அப்படி இல்லை. ஆன்லைன் சந்தா கட்டியிருந்தால் கிளவுடில், அதாவது இணையச் சேமிப்பில், ஒரு நகல் இருக்கும், ஆனால் எல்லா கேமுக்கும் இருக்காது. ஸ்ப்ளட்டூன் 2, போக்கிமான் ஸ்வோர்டு, ஷீல்டு ஆகியவற்றுக்கு கிளவுட் சேவ் கிடையாது. அனிமல் க்ராஸிங்: நியூ ஹொரைசன்ஸுக்குத் தீவை பேக்கப் எடுக்கும் தனி வசதி 2020 ஜூலையில் வந்தது. அதை நாமே கேமுக்குள் போய் ஆன் செய்திருக்க வேண்டும். கன்சோல் இன்னும் இயங்குகிறது, வீட்டிலோ நண்பரிடமோ இன்னொரு ஸ்விட்ச் இருக்கிறது என்றால், பெரும்பாலான கேம்களின் சேவ் பதிவை அதற்கு மாற்றி வைத்துவிடலாம்.

ஸ்டீம் கடையின் கணினி கேம்களை ஆடும் கையடக்கக் கன்சோலான ஸ்டீம் டெக்கில் சிக்கல் வேறு மாதிரி. கிளவுட் இருக்கிறதே என்று இருந்துவிடுவார்கள். ஆனால் வைஃபை இல்லாமல் ஆடிய கடைசிச் சில நாள் ஆட்டம் மேலே ஏறியிருக்காது. அனுப்புவதற்கு முன் இணையத்தில் இணைத்து, கிளவுட் வேலை முடிந்ததா என்று பார்த்துவிடுங்கள். ஸ்டீமுக்கு வெளியே நிறுவிய கேம்களின் சேவ் பதிவைக் கையால்தான் நகலெடுக்க வேண்டும்.

சரி, சேவ் பத்திரம். அடுத்த தவறு, பழுதை ஒரே வரியில் எழுதி அனுப்புவது. “வேலை செய்யவில்லை” என்று மட்டும் எழுதினால், அங்கே ஆன் செய்து பார்ப்பார்கள், நன்றாக ஓடும், பழுது இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். விட்டுவிட்டு வருகிற பழுதுகளில் இது அடிக்கடி நடக்கும். எந்த கேமில், எவ்வளவு நேரம் ஆடிய பிறகு, சார்ஜில் இருக்கும்போதா, டிவியில் இணைத்திருக்கும்போதா என்று எழுதுங்கள். பழுது தெரியும்போதே போனில் ஒரு சிறு வீடியோ எடுத்து வைத்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை. கூடவே கன்சோலின் நான்கு பக்கத்தையும், திரையையும், சீரியல் நம்பரையும் படம் எடுத்து வையுங்கள். திரும்பி வரும்போது புதுக் கீறல் இருந்தால் பேச அதுதான் ஆதாரம்.

பழுது ஸ்விட்சிலிருந்து கழற்றக்கூடிய கைப்பிடிக் கட்டுப்பாட்டுக் கருவியான ஜாய்-கானில் மட்டும் என்றால் அதை மட்டும் அனுப்பலாமா என்று முதலில் கேளுங்கள். முழு கன்சோலையும் பிரிய வேண்டியதில்லை. ஸ்விட்சின் சிறிய மாடலான ஸ்விட்ச் லைட்டில், விரலால் தள்ளி ஆடும் ஸ்டிக் கன்சோலோடு சேர்ந்தே இருப்பதால் அந்த வசதி இல்லை. ஸ்டிக் தானாக நகரும் டிரிஃப்ட் பழுது என்றால், வாரண்டி முடிந்துவிட்டது என்று விட்டுவிடவும் வேண்டாம். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி, பிரிட்டன், சுவிட்சர்லாந்து ஆகிய இடங்களில் வாரண்டி முடிந்த ஜாய்-கானுக்கும் டிரிஃப்டை இலவசமாகச் சரிசெய்து தருவதாக நின்டெண்டோ 2023-ல் அறிவித்தது.

வாரண்டி இருக்கும்போதே கன்சோலைத் திறந்து பார்ப்பது எனக்குப் பிடிக்காத தவறு. கன்சோலில் ஒட்டியிருக்கும் முத்திரை ஸ்டிக்கர் கிழிந்தாலே வாரண்டி போய்விடும் என்று மிரட்டும் வாசகங்கள் எல்லா நாட்டிலும் செல்லாது. அமெரிக்காவில் 2018-ல் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் நின்டெண்டோ, சோனி, மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட நிறுவனங்களுக்கு இது பற்றி எச்சரிக்கைக் கடிதமே அனுப்பியது. ஆனாலும் திறக்கும்போது ஒரு ரிப்பன் கேபிள் அறுந்தால் அது உங்கள் கணக்கில்தான் வரும். இலவசமாகச் செய்துதர ஆள் இருக்கும்போது அந்தப் பழியை ஏன் வாங்க வேண்டும்? பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜில் போடாதீர்கள், பார்சலிலும் போடாதீர்கள். முதலில் நிறுவனத்திடம் சொல்லுங்கள், எப்படி அனுப்புவது என்று அவர்களே சொல்லட்டும்.

பேக் செய்யும்போது கேம் கார்டு, மெமரி கார்டு, உறை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அவர்கள் கேட்காத எதையும் பெட்டிக்குள் வைக்காதீர்கள். திரை மேல் ஒட்டிய பாதுகாப்புத் தாளும் ஆசையாக ஒட்டிய ஸ்டிக்கரும் திரும்பி வரும் என்று எண்ண வேண்டாம். திரையைத் திறக்கும் பின் நம்பரை நீக்கிவிடுங்கள், இல்லையென்றால் சோதிக்க முடியாமல் வேலை அப்படியே நிற்கும்.

வாரண்டி முடிய ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் இதையெல்லாம் முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று காத்திருக்காமல், கோரிக்கையை இன்றே பதிவு செய்து அந்தப் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் வாங்கிய கன்சோல் என்றால், வாங்கிய நாட்டில்தான் வாரண்டி செல்லுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், கன்சோல் திரும்பி வந்ததும் அலமாரியில் வைத்துவிடக் கூடாது. சீரியல் நம்பர் பழையதுதானா என்று பாருங்கள். மாறியிருந்தால் மீதி வாரண்டி புதிய எண்ணுக்கு வந்துவிட்டதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஸ்டிக், பட்டன், ஸ்பீக்கர், வைஃபை, சார்ஜ் எல்லாவற்றையும் அன்றைக்கே சோதியுங்கள். அனுப்பிய பழுது எந்த கேமில் வந்ததோ அதையே கொஞ்ச நேரம் ஆடிப் பாருங்கள். மறுபடியும் வந்தால் அதே பதிவு எண்ணோடு உடனே தெரிவியுங்கள்.