மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்: சுகாதாரக் கொள்கை படிக்க ஒரு வழி

கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருவில் நர்சிங் முடித்த பெண் ஒருத்தி இருக்கிறாள். போன வருடம் ஒரு சாயங்காலம் வந்து உட்கார்ந்தாள். “அக்கா, ஒவ்வொரு நாட்டுலயும் ஹெல்த் பாலிசி எப்படிப் போடுறாங்க, அது வேலை செஞ்சுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்கன்னு படிக்கணும். எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னு புரியல. நெட்ல தேடினா இருநூறு பக்க ரிப்போர்ட்டா வருது” என்றாள்.

நான் வடசென்னையில் ஒரு சுகாதார நிலையத்தில் பத்தொன்பது வருடம் மருந்தாளுநராக இருந்தேன். இந்தப் படிப்பு எனக்கு மருந்து ஜன்னலில்தான் தொடங்கியது. பொது சுகாதாரத்தில் முதுகலை முடித்தது அதற்கு வெகு நாள் கழித்து. அவளுக்கு அன்று சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

இருநூறு பக்க அறிக்கை இப்போதைக்கு இருக்கட்டும். வீட்டில் அம்மாவோ மாமியாரோ அரசு மையத்தில் வாங்கி வந்த பிரஷர் மாத்திரை அட்டையை எடுங்கள். பின்பக்கம் அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல என்று அச்சிட்டிருக்கும். ஒரு நோட்டில் நான்கு கேள்வி எழுதுங்கள். இந்த மாத்திரைதான் என்று முடிவு செய்தது யார்? பணம் யாருடையது? வாங்கி இங்கே கொண்டுவந்து சேர்த்தது யார்? இதைச் சாப்பிட்டதால் பிரஷர் குறைந்தது என்பது யாருக்குத் தெரியும்? உலகத்தில் எந்த நாட்டின் கொள்கையை எடுத்தாலும் நான் இந்த நான்கைத்தான் முதலில் கேட்கிறேன்.

மூன்றாவது கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தில் போய் நிற்பீர்கள். 1994-ல் பதிவான நிறுவனம். மாநிலம் முழுமைக்கும் மருந்தை ஒரே இடத்தில் டெண்டர் விட்டு, கம்பெனிப் பெயரில் இல்லாமல் மூலப்பெயரில் வாங்கி, தரம் சோதித்த பிறகே மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்புகிற முறை அதிலிருந்து வந்தது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். ஒதுக்கிய தொகைக்குள் தேவையானதை எடுத்துக்கொள்ளலாம். நான் இண்டெண்ட் (மருந்துத் தேவைப் பட்டியல்) எழுதிய காலமெல்லாம் இதை வெறும் அலுவலக நடைமுறை என்றே நினைத்திருந்தேன். கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்தன என்று தெரிந்த பிறகுதான் அந்தப் பாஸ்புக்கை வேறு கண்ணால் பார்த்தேன்.

முதல் கேள்விக்கு, முடிவெடுக்கிறவர் யார் என்பதற்கு, வடசென்னையை விட நல்ல வகுப்பறை கிடைக்காது. ஸ்டான்லி மருத்துவமனை மாநில மருத்துவக் கல்வித் துறையின் கீழ். பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை ரயில்வேயின் கீழ். தொழிலாளர் காப்பீட்டுக்கான இ.எஸ்.ஐ. மருந்தகம் தொழிலாளர் துறை. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் மாநகராட்சி. ஒரே குடும்பத்தில் அப்பா ஒரு வாசலுக்கும் பிள்ளை இன்னொரு வாசலுக்கும் போகிறார்கள். ஒவ்வொரு வாசலுக்கும் வேறு பட்ஜெட், வேறு மருந்துப் பட்டியல், வேறு மேலதிகாரி. சுகாதாரக் கொள்கை சுகாதாரத் துறையில் மட்டும்தான் உருவாகிறது என்று யாராவது சொன்னால் அவரைப் பேசின் பிரிட்ஜ் பக்கம் கூட்டி வாருங்கள்.

அடுத்தது, எழுத்தில் இருப்பதைப் படிப்பது. ஒவ்வொரு வருடமும் துறைக்குப் பணம் ஒதுக்கக் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதத்தின்போது மக்கள் நல்வாழ்வுத் துறை சட்டமன்றத்தில் ஒரு கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கிறது. மானியக் கோரிக்கை எண் 19. தமிழிலேயே இணையத்தில் கிடைக்கும். ஒரே வருடத்தைப் படித்தால் எல்லாம் நன்றாக இருப்பது போலத் தெரியும். மூன்று வருடத்தை எடுத்து ஒரே திட்டத்தின் பக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எந்த எண் தொடர்ந்து வருகிறது, எது சத்தமில்லாமல் காணாமல் போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தத் திட்டத்தின் அரசாணை. கிடைக்காவிட்டால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு மனு. 30 நாளில் பதில் வர வேண்டும். பிறகு அதே துறை பற்றி, அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி. தரும் அறிக்கை. மூன்றும் ஒரே விஷயத்தைச் சொல்லாது. வேறுபடும் இடத்தைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

கோட்பாடு வேண்டுமா என்றால், ஆரம்பத்தில் ஒன்றே ஒன்று போதும். ஜில் வால்ட், லூசி கில்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1994-ல் முன்வைத்த கொள்கை முக்கோணம். மூன்று முனையில் சூழல், உள்ளடக்கம், நடைமுறை, நடுவில் ஆட்கள். திட்டத்தில் என்ன இருக்கிறது என்பதையே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது, யார் கேட்டார், யார் தடுத்தார், ஏன் அந்த வருடம் நடந்தது என்று பார்க்கச் சொன்னவர்கள் இவர்கள். அந்த முக்கோணத்தை நோட்டில் வரைந்து நிரப்பிப் பாருங்கள். காலியாக நிற்கும் மூலைதான் அடுத்து நீங்கள் விசாரிக்க வேண்டியது.

இனி, எனக்கு மிக நெருக்கமான பகுதி: ஒரு கொள்கை பலன் தந்ததா என்று கண்டுபிடிப்பது.

1986-ல் அப்பாவுக்கு டி.பி. வந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவரைச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனை எதிலும் சேர்க்கவில்லை. மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரே அறை வீடு, ஆறு பேர். ஆயா, எங்கள் பாட்டி, அவருக்குத் தட்டும் டம்ளரும் தனியாக வைத்தாள். “தாம்பரம் சானடோரியத்துல சேத்திருக்கணும், ஏழைங்கன்னு வெரட்டிட்டாங்க” என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் அப்படியே நம்பினேன்.

முதுகலை வகுப்பில்தான் உண்மை தெரிந்தது. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து சென்னையில் ஒரு ஆய்வு மையம் தொடங்கின. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகளோ மிகக் குறைவு. வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தால் குணமாகுமா என்பது கேள்வி. சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு சானடோரியத்தில்: நல்ல சாப்பாடு, படுக்கை ஓய்வு, நர்ஸ் கவனிப்பு. இன்னொரு பிரிவு நெருக்கடியான வீடுகளில், கிடைத்த சாப்பாட்டோடு. மருந்து இரண்டு பேருக்கும் ஒன்றே. ஒரு வருடம் கழித்து இரண்டு பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாகியிருந்தன. 1959-ல் முடிவு வெளியானது. கூடவே இருந்த வீட்டாரையும் வருடக்கணக்கில் கவனித்தார்கள். நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்ததால் அவர்களுக்கு நோய் அதிகம் பரவவில்லை. உலகம் முழுக்க டி.பி. சிகிச்சை சானடோரியத்திலிருந்து வீட்டுக்கு நகர்ந்ததற்கு இந்த ஆய்வு பெரிய காரணம்.

அன்று வகுப்பு முடிந்து வெகுநேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. அப்பாவை யாரும் விரட்டவில்லை. எங்கள் ஊரில், எங்களைப் போன்றவர்களை வைத்தே, கவனமாகச் சோதித்துப் பார்த்த ஒரு முடிவு அவரைக் குணப்படுத்தியது. அதை ஆயாவிடம் சொல்ல ஒருவரும் வரவில்லை என்பதுதான் குறை.

இந்த ஒரு ஆய்வை நன்றாகப் புரிந்துகொண்டால் மதிப்பீட்டின் பாதி வந்துவிடும். எதோடு ஒப்பிட்டார்கள்? பிரித்தது யார் கையில் இருந்தது? குலுக்கலில் இருந்ததால், தெம்பாக இருப்பவர்களை மட்டும் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்களோ என்ற சந்தேகத்துக்கு இடமில்லை. எதை அளந்தார்கள்? யாருக்குக் கெடுதல் வரலாம் என்று பார்த்தார்களா?

எதை அளக்கிறோம் என்பதில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்துக் கதை நல்ல பாடம். 2008-ல் ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டில் கொஞ்சம் இடம் இருந்தது. கேட்டவர்கள் சுமார் 90,000 பேர். சீட்டுக் குலுக்கி சுமார் 30,000 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது பிரஷர், சர்க்கரை அளவுகளில் உறுதியாகச் சொல்லும்படி மாற்றம் இல்லை. ஆனால் மனச்சோர்வு குறைந்திருந்தது, மருத்துவச் செலவால் குடும்பம் நொடிந்துபோவது பெரிய அளவில் நின்றிருந்தது. திட்டம் தோற்றது என்றார்கள் சிலர், வென்றது என்றார்கள் சிலர். இரண்டு பேர் கையிலும் இருந்தது ஒரே அறிக்கை. என்னைக் கேட்டால், கடன்காரன் வாசலில் நிற்காத வீட்டில் தூங்குவதும் ஆரோக்கியம்தான்.

நம் ஊருக்கு வருவோம். 2020-ல் தமிழ்நாட்டில் நடந்த, பிரஷர், சர்க்கரை போன்ற தொற்றா நோய்களைக் கணக்கெடுக்கும் ஸ்டெப்ஸ் ஆய்வில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. அடுத்த வருடம், 2021 ஆகஸ்ட் 5 அன்று, மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. மாத்திரை வீட்டுக்கே வந்தது. இதன் பலனை எப்படிச் சொல்வீர்கள்? எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தோம் என்பது ஒரு எண். எத்தனை பேர் விடாமல் சாப்பிட்டார்கள் என்பது வேறு எண். எத்தனை பேருக்குக் கட்டுக்குள் வந்தது என்பது மூன்றாவது. நான் பல வருடம் நிரப்பிய ஒரு மாதப் படிவத்தில் முதல் எண்ணுக்கு மட்டும்தான் கட்டம் இருந்தது. ஸ்டெப்ஸ் ஆய்வை 2023-24-ல் மறுபடி நடத்தியிருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அது நல்ல பயிற்சி. ஆனால் நடுவில் கொரோனா வந்து போனதை மறக்காதீர்கள். முன்னும் பின்னும் உள்ள வித்தியாசம் முழுவதும் திட்டத்தால் வந்தது என்று சொல்லிவிட முடியாது.

பெருமையான எண்ணையும் இரண்டு முறை படியுங்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை வாசலில் விடியற்காலையில் காத்திருந்த எந்தக் குடும்பத்துக்கும் அதன் மதிப்பு தெரியும். அதே ஆய்வில், அதே மாநிலத்தில், சிசேரியன் 44.9 சதவீதம். இரண்டையும் சேர்த்து எழுதப் பழகுங்கள்.

வெளிநாடு என்று வரும்போது ஒரே ஒரு நாட்டை எடுங்கள். பத்து நாட்டுப் பட்டியல் வேண்டாம். நான் எடுத்தது தாய்லாந்து. 2001 தேர்தல் வாக்குறுதி 30 பாட் திட்டம்: ஒரு தடவை மருத்துவமனைக்கு வந்தால் அந்நாட்டுப் பணத்தில் 30 பாட், மீதி அரசு பார்த்துக்கொள்ளும். ஆறு மாகாணத்தில் தொடங்கி ஒரே வருடத்தில் நாடு முழுக்கப் போனது. இவ்வளவு வேகம் எப்படி என்று தோண்டினால், சங்குவான் நித்தயாரம்போங் போன்ற, கிராமங்களில் வேலை பார்த்த மருத்துவர்கள் பல வருடம் முன்பே கணக்குப் போட்டு வைத்திருந்தது தெரியவரும். அரசியல் வாய்ப்பு வந்தபோது கையில் தாள் தயாராக இருந்தது. தமிழ்நாட்டின் 2009 அரசுக் காப்பீட்டுத் திட்டத்தோடு வைத்துப் பாருங்கள்: நம்முடையது குறிப்பிட்ட பெரிய சிகிச்சைகளுக்கு, அங்கே ஆளுக்கு இவ்வளவு என்று மருத்துவமனைக்கு மொத்தமாகப் பணம், சாதாரண காய்ச்சல் உட்பட. பணம் கொடுக்கும் விதம் மாறினால் மருத்துவமனை நடந்துகொள்ளும் விதமும் மாறுகிறது. பிரேசிலை எடுத்தால், அங்கே சுகாதாரக் குழுக்களில் பாதி இடம் சேவையைப் பயன்படுத்தும் மக்களுக்கு என்று 1990-ல் சட்டமே போட்டார்கள். நம்மிடமும் மாவட்ட சுகாதாரப் பேரவை வந்திருக்கிறது. யார் பேசுகிறார்கள், பேசியது என்ன ஆனது என்று போய்ப் பாருங்கள்.

வெளிநாட்டுக்காரர்களும் நம்மைப் படிக்கிறார்கள். குறைந்த செலவில் நல்ல ஆரோக்கியம் அடைந்த இடங்கள் என்று 1985-ல் சீனா, கோஸ்டாரிகா, இலங்கை, கேரளத்தை ஆராய்ந்தார்கள். 2011-ல் அதே கேள்வியோடு எடுத்த ஐந்து இடங்களில் தாய்லாந்தோடு தமிழ்நாடும் ஒன்று.

பட்டம் வேண்டுமென்றால் திருவனந்தபுரம் அச்சுத மேனன் மையம் இருக்கிறது, அயப்பாக்கத்தில் தேசிய நோய்த்தொற்றியல் நிறுவனம் இருக்கிறது. ஆனால் சேர்வதற்கு முன்னால் நோட்டில் ஒரு கேள்வியாவது முழுசாக ஓடியிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

எங்கள் தெருப் பெண் மாத்திரை அட்டையைத்தான் எடுத்தாள். காசிமேட்டில் பாதிப் பேர் மாத்திரையை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்பது அவள் கேள்வி. விழிப்புணர்வு இல்லை என்று எழுதிக்கொண்டு வந்தாள். “யார் வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போனே?” என்று கேட்டேன். மாத்திரையை வீடு வீடாகக் கொண்டுபோகும் தன்னார்வலர் அக்காவோடு காலை பத்து மணிக்குப் போயிருக்கிறாள். பல வீடு பூட்டியிருந்தது. மீன் வாங்கி விற்கும் பெண்கள் விடியுமுன்னே ஏலத்துக்குப் போய், அங்கிருந்தே கூடையோடு கிளம்பிவிடுவார்கள். திட்டம் வீடு தேடி வருகிறது, அவர்கள் வீட்டில் இல்லை. அடுத்த வாரம் அவள் அதிகாலை நாலு மணிக்கு ஏலக்கூடத்துக்குப் போனாள். திரும்பி வந்து முதல் கேள்வியை அடித்துவிட்டு, மாத்திரை எந்த நேரத்தில், எந்த இடத்தில், யார் கையில் வருகிறது என்று புதிதாக எழுதினாள். இப்போது பன்னிரண்டு பெண்களிடம் பேசி முடித்திருக்கிறாள். அடுத்து அந்தத் தன்னார்வலர்களுக்கு வேலை நேரம் வகுத்த ஆணை எது என்று தேடிக்கொண்டிருக்கிறாள். மனு போட்டு பதினெட்டு நாள் ஆகிறது.