மெயின்ஃப்ரேம்ல ஜாப் அபெண்ட் ஆனா எரர் கோட எப்படி வாசிக்கணும்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம்னு நம்ம பக்கத்துல இருந்து டெக்னோபார்க் போறவங்க, வீட்டுல இருந்தே நைட் ஷிஃப்ட் பாக்குறவங்கன்னு மெயின்ஃப்ரேம் (பேங்க் மாதிரி எடத்துல ஓடுற பெரிய கம்ப்யூட்டர்) சப்போர்ட்ல நெறைய பிள்ளைங்க இருக்காங்க, புதுசா சேந்ததும் எல்லாரும் கேக்குறது "அண்ணா, எரர் கோடு லிஸ்ட் பிடிஎஃப் இருக்கா"ன்னுதான். லிஸ்ட் ஐபிஎம் மேனுவல்லயே கெடக்கு மக்கா, மனப்பாடம் பண்ண வேண்டாம். ஜாப்-ங்கிறது சிஸ்டம்கிட்ட ஓட்டச் சொல்லிக் குடுக்குற வேலை, அதுல ஒவ்வொரு படியும் ஒரு ஸ்டெப், நடுவுல விழுந்து நின்னுட்டா அது அபெண்ட். கோடு வந்தா மொதல்ல "இத சொன்னது யாரு"ன்னு பாரு. சிஸ்டமா, உன் ப்ரோக்ராமா, டிபி2-ங்கிற டேட்டாபேஸா, ஃபைலா? அது தெரிஞ்சாத்தான் எந்த மேனுவல தொறக்கணும், யார எழுப்பணும்னு தெரியும்.

ஜாப் லாக்குல ஒவ்வொரு மெசேஜுக்கும் மொத மூணு எழுத்து இருக்கு பாரு, அதுதான் ஆளு. ஐஇஎஃப்னா ஜாப ஓட்டுற பகுதி, ஐஇசி-ன்னா டேட்டாசெட் (மெயின்ஃப்ரேம் ஃபைல்) தொறக்குறது எழுதுறது, ஐசிஹெச்னா யாருக்கு என்ன உரிமைன்னு பாக்குற ராக்ஃப், டிஎஸ்என்னா டிபி2, டிஎஃப்ஹெச்னா ஆன்லைன் வேலைய நடத்துற சிக்ஸ் (CICS), ஐஜிஇசட்னா கோபால் (COBOL) மொழி ப்ரோக்ராம ஓட்ட உதவுற ரன்டைம். கடைசி எழுத்து எவ்வளவு சீரியஸ்னு சொல்லும், ஆனா அத நம்பி ஏமாறாத, ஐ-ன்னு முடிஞ்சா வெறும் தகவல்னு தாண்டிப் போயிடுறாங்க, ஜாப் அபெண்ட் ஆச்சுன்னு சொல்ற ஐஇஎஃப்450ஐ மெசேஜே ஐ-லதான் முடியுது கேட்டியா.

அடுத்தது, ரிட்டர்ன் கோடு (ஸ்டெப் முடிஞ்சதும் ப்ரோக்ராம் திருப்பித் தர்ற நம்பர்) வேற அபெண்ட் வேற. 0 சுத்தம், 4 வார்னிங், 8 எரர், 12, 16 ரொம்ப மோசம்னு ஒரு வழக்கம் இருக்கு, ஆனா அது வழக்கம்தான், எழுதுன ப்ரோக்ராம் என்ன நெனச்சு போட்டுதோ அதான் அர்த்தம். ஐடிகேம்ஸ்ங்கிற ஃபைல் பராமரிப்பு ப்ரோக்ராம்ல, இல்லாத டேட்டாசெட்ட டிலீட் பண்ணச் சொன்னா 8 வரும், பல எடத்துல அது ஒரு பிரச்சினையே கெடையாது. ஜேசிஎல்ல (ஜாப எப்படி ஓட்டணும்னு எழுதுற வரிகள்) காண்ட் பாராமீட்டர் இருக்கே, அதையும் தலைகீழா படிக்கணும். எல்டி-ன்னா லெஸ் தேன், அதனால காண்ட்=(4,எல்டி)ன்னா "4-அ விட ரிட்டர்ன் கோடு பெருசா இருந்தா இந்த ஸ்டெப்ப ஓட்டாத"ன்னு அர்த்தம். ஒரு ஸ்டெப் ஓடவே இல்லன்னா அத நோண்டாத, அதுக்கு முந்தின ஸ்டெப்ப பாரு.

இனி அபெண்ட். எஸ்-ல தொடங்குனா சிஸ்டம் போட்டது, யு-ல தொடங்குனா ப்ரோக்ராமோ சாஃப்ட்வேரோ தானா போட்டது. எஸ்806-ன்னா லோட் மாட்யூல் (ஓடத் தயாரான ப்ரோக்ராம்) கெடைக்கல, அத எந்த லைப்ரரில தேடணும்னு சொல்ற ஸ்டெப்லிப்ப பாரு. எஸ்013-18-ன்னா பிடிஎஸ்ல (மெம்பர்னு பலத உள்ள வச்சிருக்குற டேட்டாசெட்) அந்த மெம்பர் இல்ல. எஸ்322 சிபியு டைம் தாண்டிட்டு, பெரும்பாலும் லூப்தான், டைம கூட்டி மறுபடி ஓட்டுறதுக்கு முந்தி அத ஒண்ணு யோசி. எஸ்222-ன்னா யாரோ கேன்சல் பண்ணிருக்காங்க, ப்ரோக்ராம்ல தேடாத, ஆபரேட்டர்கிட்ட கேளு. எஸ்913 ராக்ஃப் பெர்மிஷன், கூடவே ஐசிஹெச்408ஐ வரும், அதுல நீ கேட்ட உரிமை என்ன, உனக்கு இருக்குறது என்னன்னு ரெண்டும் எழுதியிருக்கும். டி37-ன்னா டேட்டாசெட்டுக்கு மொதல்ல ஒதுக்குன ப்ரைமரி ஸ்பேஸ் தீந்துட்டு, கூடுதலா வாங்குற செகண்டரி குடுக்கவே இல்ல. பி37-ன்னா செகண்டரி குடுத்தும் வாங்க எடம் இல்ல. இ37 ஒரு பிடிஎஸ்ல வந்தா மொதல்ல கம்ப்ரஸ் பண்ணி, உள்ள வீணா கெடக்குற எடத்த மீட்டுப் பாரு.

எஸ்0சி7-அ மட்டும் நின்னு பாக்கணும், ராத்திரி போன் வர்றதுல பெரும் பங்கு இதுதான். நம்பர் இருக்க வேண்டிய எடத்துல நம்பர் இல்ல, அவ்வளவுதான் விஷயம். காம்ப்-3 (ஒரு பைட்டுக்கு ரெண்டு இலக்கமா நம்பர அடைச்சு வைக்கிற) ஃபீல்டுல 12345-ங்கிற நம்பர் மெமரில 12 34 5சி-ன்னு உக்காந்திருக்கும், கடைசி அரை பைட் சைன், சி-ன்னா ப்ளஸ், டி-ன்னா மைனஸ், எஃப்-ன்னா சைன் இல்லாதது. அதே ஃபீல்டுல ஸ்பேஸ் வந்தா 40 40 40, கடைசில 0, அது சைனே இல்ல, கணக்கு போடப் போன ஒடனே 0சி7. லோ-வேல்யூஸ் (எல்லா பைட்டும் 00) வந்தாலும் அதே கதி, ஏன்னா சரியான பூஜ்ஜியம் 00 00 0சி, வெறும் 00 00 00 கெடையாது. அதனால லாங்குவேஜ் என்விரான்மெண்ட் (ப்ரோக்ராம்களுக்கு பொதுவான ரன்டைம்) தர்ற சிஇஇ3207எஸ் மெசேஜ்ல வர்ற ஆஃப்செட்ட (ப்ரோக்ராம்ல விழுந்த எடம்) எடு, கம்பைல் லிஸ்டிங்ல அது எந்த ஸ்டேட்மெண்ட்னு பாரு, அந்த ஸ்டேட்மெண்ட்ல உள்ள ஃபீல்டுகள ஹெக்ஸ் ஆன் போட்டு (பைட்ட ஹெக்ஸ்ல காட்டும்) இன்புட் ஃபைல்ல பாரு. லைன் கெடச்சுட்டுன்னு அந்த லைன திருத்தப் போகாத. தப்பு முக்கால்வாசி அங்க இருக்காது, ஃபைல அனுப்புனவன் லேயவுட்ட மாத்தியிருப்பான், இல்லன்னா ஃபீல்டுக்கு தொடக்க மதிப்பு போடுற இனிஷியலைஸ் விட்டுப் போயிருக்கும்.

யு4038 வந்தா அதையே கூகுள்ல தேடி நேரத்த களையாத, அது லாங்குவேஜ் என்விரான்மெண்ட் கடைசியா கதவ சாத்துனது, உள்ள நடந்தது சிஸ்அவுட்ல (ஜாப் எழுதுற அவுட்புட்) ஐஜிஇசட் அல்லது சிஇஇ-ன்னு தொடங்குற மெசேஜா இருக்கும். உங்க கம்பெனி ப்ரோக்ராம் போடுற யு கோடு எந்த மேனுவல்லயும் இருக்காது, சோர்ஸ்லதான் தேடணும்.

கோபால் ப்ரோக்ராம் ஃபைல தொட்டதும் கெடைக்கிற ஃபைல் ஸ்டேட்டஸ்ல 10 ஃபைல் முடிவு, 22 டூப்ளிகேட் கீ, 23 ரெக்கார்டு இல்ல, 35 தொறக்க ஃபைலே இல்ல, 39 ரெக்கார்டு லெங்த் மாதிரி ஏதோ ஒத்துவரல. 97 வந்தா விஎஸ்ஏஎம்-ங்கிற வகை ஃபைல் நல்லாத்தான் தொறந்திருக்கு, 00 தவிர எல்லாம் எரர்னு எழுதி வச்ச ப்ரோக்ராம்தான் விழும்.

டிபி2-ல எஸ்க்யூஎல் கோடு வரும், ப்ளஸ் 100 ரோ இல்ல, மைனஸ் 803 டூப்ளிகேட், மைனஸ் 805 பேக்கேஜ் (ப்ரோக்ராமோட எஸ்க்யூஎல்ல டிபி2-க்கு தயாராக்கி வச்சது) இல்ல, அத உருவாக்குற பைண்ட் விட்டுப் போயிருக்கும். மைனஸ் 911-தான் எல்லாரையும் கொழப்புறது. பேச்சிப்பாறை போற வழில ஒரு நெருக்கமான எடத்துல ரெண்டு பஸ் எதிரெதிரா வந்து நின்னா ஒருத்தன் பின்னால எடுத்தே ஆகணும்ல, டிபி2 ஒரு ஆள பிடிச்சு பின்னால எடுக்க வச்சுட்டுன்னு அர்த்தம், உன் வேலை கடைசி கமிட் (வேலைய உறுதியாக்குன எடம்) வரைக்கும் ரோல்பேக் (செஞ்சது ரத்து) ஆயிட்டு. மைனஸ் 913-ல ரோல்பேக் ஆகியிருக்காது, அது உன் பொறுப்பு. கூட வர்ற ரீசன் கோடு 00சி90088-ன்னா டெட்லாக் (அந்த ரெண்டு பஸ் நெலமை), 00சி9008இ-ன்னா லாக்குக்கு காத்திருந்து நேரம் முடிஞ்ச டைம்அவுட், டைம்அவுட்னா லாக்க பிடிச்சு வச்சிருக்குற இன்னொரு ஜாபத் தேடு.

இந்த "யாரு சொன்னது, கூட என்ன வந்துது, அப்போ என்ன செய்ய"ங்கிற வரிசை புதுசு ஒண்ணும் இல்ல. 1980-கள்லயே ஐபிஎம் ஆளுங்க யெஸ்/எம்விஎஸ்னு ஒரு எக்ஸ்பர்ட் சிஸ்டம் செஞ்சாங்க, ஓபிஎஸ்5-ங்கிற மொழில ரூல் எழுதி, ஆபரேட்டர் கன்சோல் மெசேஜ பாத்து என்ன செய்யணும்னு முடிவெடுக்க. இன்னைக்கு உங்க சைட்ல ஓடுற ஆட்டோமேஷனும் ரூல்தான், அந்த ரூல்ல அடங்காததுதான் உன் போனுக்கு வருது. ஒவ்வொரு தடவையும் ஜாப் பேரு, ஸ்டெப், கோடு, ரீசன், லாக்குல வந்த மொத எரர் மெசேஜ், காரணம், செஞ்சது, எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல எழுதி வை, அடுத்த ஷிஃப்ட் பிள்ளைக்கு உதவும்.

ரீஸ்டார்ட் குடுக்கும்போது மட்டும் பதறாத. டேபிள அப்டேட் பண்ண ஸ்டெப் ஏற்கனவே முடிஞ்சிருந்தா மேல இருந்து ஓட்டுனா எல்லாம் ரெண்டு தடவ ஏறிடும். நடுவுல இருந்து ஓட்டுறேன்னா ஜிடிஜி-ய (ஒரே பேருல தலைமுறை நம்பரோட வரிசையா வர்ற டேட்டாசெட்) பாரு, முந்தின ஓட்டத்துல ப்ளஸ் 1-ன்னு உருவானது இப்போ 0 ஆயிருக்கும், ஜேசிஎல்ல அத மாத்திட்டு சப்மிட் பண்ணு.