தாழ்தள மிடி பஸ்: வாங்கும்போதும் ஓட்டும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

8 முதல் 10 மீட்டர் வரை நீளம், பின்பக்கம் எஞ்சின், வாசலில் படி கிடையாது. தாழ்தள மிடி பஸ் என்றால் இதுதான். பெரிய பஸ் திரும்ப முடியாத தெருக்களுக்கும், பெரிய பஸ் ஓட்டினால் பாதி காலியாகப் போகும் வழித்தடங்களுக்கும் ஏற்ற வண்டி. பிரிட்டனில் 1995-ல் டென்னிஸ் டார்ட்டின் தாழ்தள வடிவம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஆப்டேர் சோலோ வந்தது. இரண்டையும் அங்குள்ள வட்டார நிறுவனங்கள் பெருமளவில் வாங்கி, நகர்ச் சுற்றுப் பாதைகளிலும் கிராமப் பாதைகளிலும் விட்டன. இன்று எந்த நாட்டில் யார் இந்த வகை வண்டி வாங்கினாலும் சறுக்குகிற இடங்கள் அநேகமாக ஒன்றுதான். வண்டியை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள். அது போய் நிற்கப்போகிற இடத்தைப் பார்ப்பதில்லை.

விவரத்தாளில் உள்ள தரை உயரத்தை அப்படியே நம்புவது

வாசலில் தரை உயரம் 320 மி.மீ., நீலிங் போட்டால் 250 மி.மீ. என்று தாளில் இருக்கும். ஏர் சஸ்பென்ஷனில் காற்றை இறக்கி வாசல் பக்கத்தைத் தாழ்த்துவதுதான் நீலிங். அந்த எண்கள் புது டயருக்கும், சமதளத்துக்கும், சரியாக அமைத்த லெவலிங் வால்வுக்கும் (காற்றைக் கூட்டிக் குறைத்து வண்டியின் மட்டத்தைக் காப்பது) உரியவை. ஆனால் பயணி பஸ் தரையின் உயரத்தை ஏறுவதில்லை. தரைக்கும் நடைபாதைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் ஏறுகிறார்.

சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தை வைத்துக் கணக்குப் போட்டால் இது புரிந்துவிடும். பிரிட்டனின் 2000-ஆம் ஆண்டு அணுகல் விதிகள் 125 மி.மீ. உயர நடைபாதையை அடிப்படையாக வைத்து, சாய்தளத்தின் சரிவு 7 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கின்றன. 7 டிகிரி சரிவில் 100 மி.மீ. ஏற சுமார் 820 மி.மீ. நீளம் தேவை. தரை 250, நடைபாதை 125 என்றால் ஏற்றம் 125 மி.மீ.; ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான சாய்தளம் போதும். நீலிங் வேலை செய்யவில்லை என்றால் ஏற்றம் 195 மி.மீ.; சாய்தளம் 1.6 மீட்டர் வேண்டும். நடைபாதையே இல்லாமல் சாலையில் இறக்கினால், நீலிங் போட்டும்கூட 2 மீட்டருக்கு மேல் வேண்டும். வண்டியில் இருப்பதோ ஒரு மீட்டர்ப் பலகை. அதைச் சாலையில் போட்டால் சரிவு 14 டிகிரியைத் தாண்டிவிடும். தனியாக யாராலும் ஏற முடியாது. தள்ளிவிட ஆள் இருந்தாலும் நாற்காலி பின்பக்கம் சாயும் ஆபத்து உண்டு.

எனவே வண்டிக்கு ஆர்டர் கொடுக்கும் முன் டேப்பும் மட்டப்பலகையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் போக வேண்டும். நடைபாதை விளிம்பின் உயரம், அந்த இடத்தில் சாலை எந்தப் பக்கம் சரிகிறது, விளிம்புக்குப் பின்னால் எவ்வளவு வெற்றிடம் என்ற மூன்றையும் குறிக்க வேண்டும். சாய்தளப் பலகை விழ ஒரு மீட்டர் போக, நாற்காலி திரும்ப இன்னும் ஒன்றரை மீட்டராவது தேவை. பல நிறுத்தங்களில் சரியாக அந்த இடத்தில்தான் நிழற்குடையின் தூணோ குப்பைத்தொட்டியோ நிற்கும். அதை நகர்த்தும் செலவு பஸ் விலையில் ஒரு துளிகூட இல்லை.

சாலையை மறுபடி போடும்போது பழைய தளத்தைச் சுரண்டாமல் மேலேயே 50 மி.மீ. போட்டுவிட்டால், 125 மி.மீ. நடைபாதை 75 ஆகிவிடும். போன வருடம் சரியாக இருந்த நிறுத்தம் இந்த வருடம் தோற்கும். சாலைத் துறையோடு இதைப் பேசி வைக்காத நிறுவனங்கள், பழியைக் கடைசியில் சாய்தளத்தின் மேல் போடுகின்றன.

உயரம் கூடினாலும் தொல்லைதான். 160 மி.மீ.க்கு மேல் உயர்த்திய விளிம்பில், வெளிப்பக்கம் திறக்கும் கதவின் அடி இடிக்கும். அப்படிப்பட்ட நிறுத்தங்கள் நிறைய இருந்தால் உள்பக்கம் திறக்கும் கதவே நல்லது. நிறுத்தத்தில் கார்கள் நிற்கும் ஊராக இருந்தால், விளிம்பை உயர்த்துவதைவிட நடைபாதையையே சாலைப் பக்கம் கொஞ்சம் நீட்டிக் கட்டுவது பலன் தரும். பஸ் வளைந்து உள்ளே வராமல் நேராக வந்து ஒட்டி நிற்க முடியும்.

முழுத் தாழ்தளத்தையும் தாழ்வாசலையும் ஒன்றாக நினைப்பது

மிடி பஸ்களில் பெரும்பாலானவை வாசல் முதல் பின் ஆக்சிலுக்கு முன்பு வரைதான் தாழ்வானவை. அதன் பின்னால் ஒன்றோ இரண்டோ படி ஏற வேண்டும், ஏனென்றால் கீழே ஆக்சிலும் எஞ்சினும் இருக்கின்றன. இதில் தவறு ஒன்றுமில்லை. இருக்கைக் கணக்கில்தான் பிழை வருகிறது. சக்கரக் கூடுகள் உள்ளே துருத்திக்கொண்டிருப்பதாலும், நாற்காலிக்கு இடம் விடுவதாலும், அதே நீளமுள்ள பழைய படி பஸ்ஸைவிட இருக்கைகள் குறையும். 8.8 மீட்டர் டார்ட்டில் வழக்கமாக 29 இருக்கைகள்தான். பழைய வண்டி எத்தனை பேரை உட்கார வைத்ததோ அத்தனை பேரையும் புது வண்டி உட்கார வைக்கும் என்று எண்ணி நடைகளைக் குறைத்தால், முதல் திங்கள்கிழமை காலையிலேயே கூட்டம் வாசலில் தொங்கும்.

இதைவிட மோசமானது ஆக்சில் எடை. நின்று வருபவர்கள் படி ஏறிப் பின்னால் போவதில்லை. தட்டையான முன்பாதியிலேயே நிற்பார்கள். ஒருவருக்கு 68 கிலோ என்பது பன்னாட்டு விதிகளில் எடுத்துக்கொள்ளும் அளவு. 16 பேர் நின்றால் 1,088 கிலோ. அதில் பெரும்பங்கு முன் ஆக்சில் மேல். மொத்த எடை வரம்புக்குள் இருக்கும், முன் ஆக்சில் மட்டும் தாண்டியிருக்கும். முன் டயர் ஓரம் தேய்வதும், முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின் சீக்கிரம் ஆடுவதும் அப்போதுதான் தொடங்கும். புது வண்டியை முதலில் காலியாகவும், பிறகு நிற்போர் இடத்தில் மணல் மூட்டைகளை அடுக்கியும், எடைமேடையில் ஒவ்வொரு ஆக்சிலாக நிறுத்திப் பாருங்கள். ஏசி, கேமரா, பெயர்ப்பலகை என்று பிறகு சேர்க்கும் ஒவ்வொன்றும் நிற்போர் எண்ணிக்கையிலிருந்துதான் கழியும்.

வண்டி சிறியது, ஆகவே எங்கும் திரும்பும் என்ற நினைப்பு

தாழ்தளத்தில் நடைவழி இரண்டு முன் சக்கரக் கூடுகளுக்கு நடுவில் போகிறது. சக்கரம் அதிகம் திரும்ப வேண்டுமானால் கூடு அகலமாக வேண்டும். கூடு அகலமானால் நடைவழி குறுகும். நாற்காலி போக 750 மி.மீ. விட்டே ஆக வேண்டும். 2.4 மீட்டர் அகல வண்டியில் இதற்கு விலையாகக் கொடுப்பது ஸ்டியரிங் லாக்கைத்தான், அதாவது முன் சக்கரம் திரும்பக்கூடிய அளவை. நீளம் குறைந்தும் திருப்பு வட்டம் எதிர்பார்த்த அளவு குறையாமல் போவது இதனால். விற்பவர் சொல்லும் எண்ணை விட்டுவிட்டு, பாதையின் மிக மோசமான முனையில் வண்டியை ஒருமுறை திருப்பிப் பார்ப்பதே சரி.

சோலோ இந்தச் சிக்கலை வேறு மாதிரி தீர்த்தது. முன் சக்கரங்களை வண்டியின் முன் மூலைகளுக்கே தள்ளி, வாசலைச் சக்கரத்துக்குப் பின்னால் வைத்தது. ஏறுபவர் கூடுகளுக்கு நடுவில் நெருக்கியடித்துப் போக வேண்டியதில்லை. நல்ல யோசனைதான், ஆனால் ஓட்டுநருக்குத் தனிப் பயிற்சி வேண்டும். வாசல் முன்னால் இருக்கும் பஸ்ஸில் பழகியவர் முகப்பை நிறுத்தக் கம்பத்துக்கு நேராக நிறுத்துவார். இதில் வாசல் பின்தங்கிவிடும். விளிம்புக்கு மிக அருகில் ஓடுவது முன் டயர் என்பதால், அதன் பக்கச்சுவர் உரசிக் கிழியும். இரண்டு வகையும் ஒரே பணிமனையில் இருந்தால் ஓட்டுநரை வண்டி மாற்றி மாற்றி அனுப்புவதைக் குறைக்க வேண்டும்.

வாசல் முன்னால் உள்ள வண்டியில் வேறொரு தொல்லை. முன் ஆக்சிலுக்கு முன்னால் 2.4 மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது, பம்பருக்கும் சாலைக்கும் இடைவெளி 250 மி.மீ. என்றால், ஏறக்கூடிய சரிவு சுமார் 6 டிகிரிதான். வேகத்தடை, பாலத்தின் முனை, பஸ் நிலைய வாயிலின் வடிகால் மூடி என எல்லா இடத்திலும் அடி தட்டும். சஸ்பென்ஷனைத் தற்காலிகமாக உயர்த்தும் சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டவர் இறக்க மறந்து ஓட்டினால் சஸ்பென்ஷனின் காற்றுப் பையான பெல்லோஸும் ஷாக் அப்சார்பரும் வாங்கும் அடி மெக்கானிக்குக்குத்தான் தெரியும்.

பணிமனையில் நடக்கும் தவறுகள்

டயர் அளவை மாற்றுவது முதலாவது. 215/75 ஆர் 17.5 கிடைக்கவில்லை என்று 235/75 ஆர் 17.5 போட்டால் ஆரம் 15 மி.மீ. கூடும். தரையும் அவ்வளவு உயரும், ஸ்பீடோமீட்டர் ஏறக்குறைய 4 சதவீதம் குறைத்துக் காட்டும், முழு லாக்கில் டயர் கூட்டை உரசும். டயரின் சுமைக் குறியீடும் ஆக்சில் எடைக்குப் பொருந்த வேண்டும்.

சிறிய சக்கரத்துக்குள் பெரிய பிரேக் அடங்காது. அடிக்கடி நின்று கிளம்பும் பாதையில் வெப்பம் சேர்ந்து லைனிங் வேகமாகத் தேயும். பெரிய பஸ்ஸின் பரிசோதனை இடைவெளியை அப்படியே மிடி பஸ்ஸுக்கும் வைப்பது தவறு. பிரேக்குக்குத் துணையாக வேகத்தைக் குறைக்கும் ரிடார்டர் இருந்தால், அது உண்மையில் வேலை செய்கிறதா என்று பாருங்கள். அது செத்துக் கிடப்பது பிரேக் பேட் செலவு இரட்டிப்பான பிறகுதான் பல இடங்களில் தெரியவருகிறது.

காற்று விஷயத்தில் அலட்சியம் கூடவே கூடாது. கதவு, பிரேக், சஸ்பென்ஷன், நீலிங் எல்லாம் ஒரே கம்ப்ரஸரை நம்பியிருக்கின்றன. இரவில் ஒரு பக்கம் இறங்கி நிற்கும் வண்டியில் எங்கோ கசிவு இருக்கிறது. சோப்பு நீர் தடவினால் அகப்பட்டுவிடும். ஏர் டிரையர் காட்ரிட்ஜை நேரத்துக்கு மாற்றாவிட்டால் ஈரம் போய் லெவலிங் வால்வை ஒட்டவைக்கும். அழுத்தம் ஏறும் முன்பே கிளம்பினால் சக்கரக் கூடு டயர் மேல் உட்காரும்.

எஞ்சின் பின் மூலையில் அடைபட்டிருப்பதால் ரேடியேட்டர் புழுதியை இழுத்துக்கொள்ளும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதற்கு எதிர்ப்பக்கமிருந்து கழுவ வேண்டும். வெளியிலிருந்து பீய்ச்சினால் அழுக்கு இன்னும் உள்ளே போய் அடையும்.

நகரத்துக்கென்று அமைத்த டிஃபரன்ஷியல் விகிதத்தோடு வண்டியை ஊர்களுக்கு இடையே ஓட்டுவதையும் இங்கே சேர்க்கலாம். எஞ்சின் முழு வேகத்தில் அலறிக்கொண்டே போகும், டீசல் கரையும். பாதை கலப்பானது என்றால் ஆர்டரிலேயே விகிதத்தை எழுதிக் கேட்க வேண்டும்.

கால அட்டவணையும் நாற்காலி இடமும்

மூன்று நடையில் ஒன்றுக்கு மட்டும் தாழ்தள வண்டி விட்டால், சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்தப் பாதை இல்லாத மாதிரிதான். போகும்போது கிடைத்த வண்டி திரும்பும்போது கிடைக்குமா என்று தெரியாமல் யாரும் கிளம்ப மாட்டார்கள். ஐந்து பாதைகளுக்கு இரண்டிரண்டாகப் பங்கு போடுவதைவிட ஒரு பாதையை மாற்று வண்டியோடு சேர்த்து முழுதாக மாற்றுவதே மேல்.

வண்டிக்குள் சக்கர நாற்காலி நிற்கும் இடம் குறைந்தது 1300-க்கு 750 மி.மீ. அதில் பயணப்பெட்டிக்கான அடுக்கு வைப்பது, கூடுதல் மடக்கு இருக்கை திணிப்பது எல்லாம் வேண்டாம். நாற்காலி பின்னோக்கி, முதுகு மெத்தைப் பலகையில் ஒட்டி, பிரேக் போட்டு நிற்க வேண்டும். பக்கவாட்டில் நிறுத்தினால் வளைவில் கவிழும். குழந்தைத் தள்ளுவண்டி அந்த இடத்தை அடைத்திருந்தால் ஓட்டுநர் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது போதாது என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2017 ஜனவரியில் தீர்ப்பளித்தது. இதற்கான நடைமுறையை எழுதி வைத்து, ஓட்டுநருக்குப் பின்னால் நிர்வாகம் நிற்க வேண்டும்.

பழைய வண்டி வாங்குவோருக்கு

முதலில் சாய்தளத்தை விரித்து மடக்குங்கள். கீல் துருவேறி இறுகியிருந்தால் அதை யாரும் பயன்படுத்தவில்லை என்று பொருள். பிரிட்டன் விதிப்படி அது 300 கிலோ தாங்க வேண்டும். அடுத்து நீலிங்கை ஐந்தாறு முறை தொடர்ந்து போட்டு, கேஜில் காற்று எவ்வளவு இறங்குகிறது, எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது என்று பாருங்கள். வாசல் தூண்களின் அடியிலும் பின் படிக்குக் கீழும் டார்ச் அடித்து விரிசலும் துருவும் தேடுங்கள். லேசான உடற்கட்டு முதலில் தளர்வது அங்கேதான். கடைசியாக வண்டிக்கு அடியில் குனிந்து, முன்பக்கத்துக் கீழ்ச் சட்டத்தைக் கையால் தடவிப் பாருங்கள். அங்கே வரிவரியாகச் சுரண்டல் இருந்தால், விலையைக் குறைத்துப் பேசுங்கள்.